ஏழாவது பட்டியல்

ஜனவரி 9, செவ்வாய்

உப்பு ஜாடி ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. பால் பாக்கெட் மேசைமேல் வியர்த்துக் கிடந்தது. நான்தான் மாற்றி வைத்திருப்பேன் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது, இன்று எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டவர் டெர்மட்.

ஏழு மணிக்குப் பாடம். ஆறையும் ஒப்பித்தார். நான்காவதில் மட்டும் ஓரிடத்தில் நின்று, ஜன்னலைப் பார்த்து, மீண்டும் பிடித்துக்கொண்டார். மற்றபடி பிழையில்லை.

கால்பந்து கிளப்பில் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் டைரி கொடுத்தார்களாம். அவர் எழுதமாட்டார், அதனால் எனக்கு. தமிழில் எழுதுகிறேன். என் கணவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எங்களுக்குள் பேசுவது இங்கிலீஷில்தான். அதில் நீ, நீங்க என்ற தொல்லை இல்லை. இங்கே எழுதும்போது மட்டும் என் கை ‘நீங்க’ என்றுதான் போகிறது.

இதுவரை 497 ஆட்டங்கள். ஐந்நூறுக்கு இன்னும் மூன்று.

ஜனவரி 13, சனி

போகிக்காகப் பரண் ஒழித்தேன். நீலப் பெட்டியை இறக்கித் திறந்தால் இருபத்தொரு வருட ஜெர்சிகள். கார்க் நகரத்தில் பதினேழு வயதில் போட்டது எனக்கே பத்தாது. அப்புறம் டப்ளின். இங்கிலாந்தின் வடக்கே மூன்று ஊர்கள். மூன்றைப் பற்றியும் கேட்டால் “மழை” என்பார், அவ்வளவுதான். ஸ்காட்லாந்து, நார்வே, சைப்ரஸ். பிறகு சென்னை. அங்கேதான் நான் வருகிறேன். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு மாலையில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கேட்டிருந்தார்கள். ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள், ஒருவர் வந்தார். நான் சொல்லிக்கொடுத்த தமிழ் அவரிடம் நிற்கவில்லை. ஜெர்சி, பூட்ஸ் பார்த்துக்கொள்ளும் தணிகை அண்ணன் சொல்லிக்கொடுத்த வியாசர்பாடித் தமிழ் நின்றது. கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் எங்கள் மாமாவிடம் “இன்னாபா, நல்லா கீறியா?” என்று கேட்டார்.

பிறகு நானும் சேர்ந்து சுற்றினேன். பெர்த், பினாங்கு, கோவா. இப்போது மறுபடியும் சென்னை, அதே கிளப். பன்னிரண்டு ஊர்கள்.

எதையும் எரிக்கவிடவில்லை. எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்தேன். வைக்கும்போது “வரிசையாச் சொல்லுங்க பார்ப்போம்” என்றேன், விளையாட்டாக. சொன்னார். நார்வேயை விட்டுவிட்டார்.

“நார்வே?”

“அங்க ரெண்டு வருஷமும் இருட்டு. அதை யார் ஞாபகம் வெச்சுக்குவா?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். தணிகை அண்ணன் முழுக் கரும்பு ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். லிஃப்டுக்குள் கரும்பு நுழையவில்லையாம். டெர்மட் கதவைத் திறந்து, கட்டிப்பிடித்து, “வா புரூஸ்” என்றார்.

புரூஸ் பெர்த்தில் ஜெர்சி பார்த்துக்கொண்டவர்.

“இன்னா தர்மா, பொங்கலும் அதுவுமா எனக்குப் பேரை மாத்திட்ட?” என்று தணிகை அண்ணன் சிரித்தார். டெர்மட் என்ற பெயரை அவர் தர்மா ஆக்கிப் பல வருடங்களாகிவிட்டன. “பரவால்ல, புரூஸ் நல்லாத்தான் கீது. எங்க வூட்டுக்காரம்மா கேட்டா குஷியாயிரும்.”

போகும்போது என்னிடம் மட்டும், செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்தபடி கேட்டார். “மேடம், தர்மா நல்லா தூங்குதா?”

நன்றாகத் தூங்குகிறார் என்றேன்.

“ரெண்டு வாட்டி பூட்ஸை இடம் வலம் மாத்திப் போட்டுக்கினாரு. சொம்மா கேட்டேன்.”

ஜனவரி 20, சனி

498. ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்தோம். எதிரணி கார்னர் அடித்ததெல்லாம் அவர் தலையில் வந்து முடிந்தது. எண்ணினேன், பதினான்கு. ஒவ்வொரு முறை முட்டும்போதும் என் பக்கத்து இருக்கைக்காரர் “சூப்பரு!” என்று தொடையில் தட்டினார்.

வரும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

இன்று மீன் சமைக்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

மீன் என்றே இருக்கட்டும்.

ஜனவரி 24, புதன்

பாடம் என்றால் என்ன என்று இதுவரை எழுதவில்லை. எழுதாமலே விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

தலையில் அடிபட்ட ஆட்டக்காரரை உட்காரவைத்து டாக்டர் ஒரு தாளைப் பார்த்துப் பத்து வார்த்தைகள் படிப்பார். நாற்காலி, தேன், மலை என்பது மாதிரிச் சாதாரண வார்த்தைகள். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று முறை. ஐந்து நிமிடம் வேறு ஏதாவது செய்யவைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை. மூளை கலங்கியிருந்தால் வார்த்தைகள் நிற்காது. நின்றால் அடுத்த ஆட்டம் ஆடலாம்.

பெர்த்தில் ஒரு கோல்கீப்பரின் முழங்கால் டெர்மட்டின் நெற்றியில் மோதியது. மூன்றாம் நாள் பரிசோதனை. கூட ஆடுகிற ஒருவர் அந்தத் தாளின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாரும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதுதான் என்றார். அதில் ஆறு பட்டியல்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் இதே தாள், இதே ஆறு.

டெர்மட் ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். விட்டிருக்கலாம். நான்தான் எடுத்தேன். பத்து வருடம் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். மனப்பாடப் பகுதியில் என் வகுப்பில் யாரும் ஒரு மதிப்பெண்கூட விட்டதில்லை. முதல் வார்த்தை காதில் விழுந்ததும் மீதி ஒன்பதும் வாயில் வரிசையில் நிற்க வேண்டும், அதுதான் என் வழி. ஒவ்வொரு பட்டியலையும் ஒரு கோணங்கிக் கதையாக்கினேன். ஆடு நாற்காலியில் உட்கார்ந்து தேன் குடித்துவிட்டு மலைக்குப் போகிற கதை. சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து, இரண்டு நாளில் ஆறும் பாடம். பத்துக்குப் பத்து வாங்கிவந்தார். நான் கைதட்டினேன்.

பினாங்கில் ஒருமுறை, கோவாவில் இரண்டு முறை, போன சீசன் இங்கே ஒருமுறை. எல்லாவற்றிலும் பத்து. மறந்துவிடக் கூடாது என்று தினமும் காலையில் ஒருமுறை ஒப்பிப்பது அப்படித்தான் பழக்கமானது. சில வீடுகளில் ஜெபமாலை சொல்கிற மாதிரி.

இன்று துணி உலர்த்தும்போது ஒரு கேள்வி வந்தது. அந்தப் பரிசோதனைகளில் தேறியது அவரா, நானா?

துணியை எடுக்க மறந்துவிட்டேன். பனியில் நனைந்துவிட்டது.

ஜனவரி 28, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் இடியாப்பம் வாங்கச் சைக்கிளில் போனார். அடுத்த தெரு. இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே டெர்மட், மடியில் இடியாப்பப் பொட்டலம்.

“சார் மத்திய கைலாஷ் சிக்னல்கிட்ட நின்னுனு இருந்தாரு மேடம்” என்றார் ஆட்டோக்காரர். “வூடு எங்க சார்னா பெர்த்துன்றாரு. பெர்த்துக்கு மீட்டர் போட்டா எனக்குக் கட்டுப்படியாவாது சார்னேன். அப்புறம்தான் மூஞ்சப் பாத்தேன், நம்ம டீம் சாரு! கிளப்புக்குப் போன் போட்டு அட்ரஸ் வாங்கினேன்.”

அவரோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார். டெர்மட் அழகாகச் சிரித்தபடி நின்றார். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்தார்.

“வெயில்” என்றார்.

“நிறுத்திடலாம். இத்தோட போதும்” என்றேன்.

“இன்னும் ரெண்டு, ஜெஸ்.”

“ஐந்நூறு ஆனா என்ன வந்துரும்?”

பிறகு சொன்னார். “இருபத்தொரு வருஷத்துல நாலு கோல் போட்டிருக்கேன். அதுல ஒண்ணு நம்ம கோலுக்குள்ளயே. கோல் போட்டவனுக்குப் படம் இருக்கும், வீடியோ இருக்கும். தடுத்தவனுக்கு என்ன இருக்கு? எத்தனை நாள் நின்னான்னு ஒரு எண்ணிக்கை. அதாவது முழுசா இருக்கட்டும்.”

ஒன்பது வருடமாக அந்த எண்ணிக்கையை எழுதிவைப்பதே நான்தான். ஐந்நூறு எனக்கும் வேண்டியிருந்தது.

இடியாப்பம் காய்ந்துபோயிருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 3, சனி

499.

எழுபத்தெட்டாவது நிமிடம், கார்னர். அவரும் எங்கள் கோல்கீப்பரும் ஒரே பந்துக்கு எழும்பினார்கள். சத்தம் பார்வையாளர் மாடம் வரைக்கும் கேட்டது. கீழே விழுந்தபோது அவருடைய இரண்டு கைகளும் முன்னால் நீட்டிக்கொண்டு விறைத்து நின்றன, யாரையோ தடுக்கிற மாதிரி. நான்கு ஐந்து நொடி இருக்கும். கூட்டம் முழுக்க அடங்கியது.

எழுந்து நடந்தே வெளியே வந்தார். கிளப் டாக்டர் ஹேமநாத் எல்லைக்கோட்டருகே பெஞ்சில் உட்காரவைத்து ஏதோ கேட்டார். டெர்மட்டின் உதடு அசைவதை மாடத்திலிருந்து பார்த்தேன். என்னால் வாசிக்க முடிந்தது. இரண்டாவது பட்டியல். பத்தும் சொன்னார்.

வியாழக்கிழமை முழுப் பரிசோதனை. தேறினால் அடுத்த சனிக்கிழமை ஆடலாம்.

காரில் கேட்டார், “ஜெயிச்சோமா?” சொன்னேன். அண்ணா மேம்பாலம் தாண்டியதும் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். வீட்டு வாசலில் மூன்றாவது முறை.

பிப்ரவரி 4, ஞாயிறு

பாடம் கேட்கவில்லை. அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

தூத்துக்குடியிலிருந்து ஃப்ளோரா அக்கா போன் செய்தாள். டிவியில் பார்த்தாளாம்.

“ஏட்டி ஜெசி, அவியளுக்கு எப்படி இருக்கு?”

நன்றாக இருக்கிறார் என்றேன்.

“பொய் சொல்லாத. உன் சத்தமே சரியில்ல.”

எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு ஜாடி, புரூஸ், மத்திய கைலாஷ், பாடம்.

“நீயா சொல்லிக் குடுத்த?”

“நான்தான்.”

“பரீட்சைக்குப் படிக்க வைக்கிற மாதிரியா?”

“ஆமா.”

“பிட்டு அடிக்க விட்டாக்கூட மாட்டிக்கிடுவான்னு ஒரு நம்பிக்கை உண்டும். நீ மாட்டவே முடியாதபடில்லா செஞ்சு வச்சிருக்க.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “போய்ச் சொல்லிரு. நாளைக்கே டாக்டர்ட்டப் போய்ச் சொல்லிருட்டி. இன்னொரு அடி விழுந்து ஆளு எந்திரிக்கலைன்னா என்ன செய்வ?”

பிப்ரவரி 5, திங்கள்

போனேன். தாளின் நகல் கைப்பையில் இருந்தது.

டாக்டர் ஹேமநாத் நல்ல மனிதர். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க மேடம். சார் எப்படி இருக்கார்? அன்னைக்கு விழுந்த விதம் பார்த்துப் பயந்துட்டேன். ஆனா பெஞ்ச்ல உக்கார்ந்து பத்துக்குப் பத்து சொல்றார்! எங்க இருபது வயசுப் பையங்களே ஏழுதான் சொல்லுவாங்க. இந்த மாதிரி ஞாபக சக்தி நான் பார்த்ததில்ல.”

கைப்பையின் ஜிப் பாதி திறந்திருந்தது.

அந்தத் தாளை மேசைமேல் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சனிக்கிழமை ஆடமாட்டார், அது சரி. ஆனால் பன்னிரண்டு கிளப்புக்கும் செய்தி போகும். இருபத்தொரு வருடம் ஒழுங்காக நின்று ஆடியவர், கடைசியில் டாக்டர்களை ஏமாற்றியவர் என்ற பெயரோடு போவார். ஏமாற்றச் சொல்லிக்கொடுத்தவள் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

இதை அவருக்காகத்தான் யோசித்தேன் என்று எழுதத் தோன்றுகிறது. முழுக்க அப்படியில்லை.

“தூக்கம் சரியில்ல, அதுக்கு ஏதாவது...” என்றேன். எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு ஏதோ மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஜிப்பை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் கத்திரிக்காய் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு கிலோ இருந்தது. மறதி எனக்கும் வருகிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் நேராகவே கேட்டேன். வியாழக்கிழமை நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தலை சரியில்லை, ஆடவில்லை என்று.

“என்னால முடியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கால் ஒடிந்தவர் மாடி ஏற முடியாது என்று சொல்கிற மாதிரி சொன்னார். “பதினேழு வயசுலேருந்து யார் கேட்டாலும் ஆடுறேன்னுதான் சொல்லியிருக்கேன். வேற பதில் எனக்கு வராது, ஜெஸ்.”

பிறகு மேசையில் வந்து உட்கார்ந்து, “பாடம்?” என்றார்.

இன்று வேண்டாம் என்றேன்.

மத்தியானம் கத்திரிக்காய் நறுக்கும்போது தோன்றியது.

நல்ல மூளை என்றால் டாக்டர் இப்போது படிக்கும் பத்து வார்த்தைகளைக் கேட்டு, அதையே திருப்பிச் சொல்லும். முன்னால் என்ன மனப்பாடம் செய்திருந்தாலும் அது குறுக்கே வராது. கெட்டுப்போன மூளை, கேட்டதைப் பிடித்துவைக்க முடியாமல், கடைசியாகப் படித்ததைத்தான் எடுத்துக் கொடுக்கும். ஆகவே நான் ஒரு பொய்ப் பட்டியலைச் சொல்லிக்கொடுத்தால், அவர் நன்றாக இருக்கிற பட்சத்தில் அதனால் ஒரு கெடுதியும் இல்லை. நன்றாக இல்லையென்றால் டாக்டருக்குத் தெரிந்துவிடும். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

டாக்டர் படிப்பதும் பழைய ஆறில் ஒன்றாகத்தான் இருக்கும். அது அவர் எலும்பில் ஊறியது. அதற்கு மேலே இது நிற்க வேண்டும். இரண்டு நாள்தான் இருக்கிறது. என் வேலையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கேவலம், அந்த நம்பிக்கைதான் இருக்கிறது.

பிப்ரவரி 7, புதன்

“புதுசா ஒரு பட்டியல் சேர்த்திருக்காங்களாம். ஏழாவது. நாளைக்கு அதைத்தான் கேட்பாங்கன்னு தணிகை அண்ணன் சொன்னார்” என்றேன்.

டெர்மட் என்னைப் பார்த்தார். “தணிகையா?”

“ஆமா.”

“சரி. சொல்லு.”

உப்பு. குடை. ரயில். மெழுகுவர்த்தி. நாய். ஏணி. மணி. நண்டு. கண்ணாடி. கம்பளி.

காலையில் நான்கு முறை, மத்தியானம் நான்கு முறை, சாயங்காலம் ஆறு முறை. கதை எதுவும் கட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் நாலைந்து முறை ஐந்து வார்த்தைகள்தான் வந்தன. அப்புறம் ஏழு. விளக்கு வைக்கிற நேரத்தில் பத்தும் வந்தது.

பட்டியலை யோசிக்காமல் எழுதினேன் என்று நினைத்திருந்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் தெரிகிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை அவரைத் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரயிலில் விடிகாலையில் இறங்கி, உப்பளத்தைக் காட்டினேன். வெள்ளைக் குவியல்களைப் பார்த்து “பனியா?” என்று கேட்டார். நக்கிப் பார்க்கச் சொன்னேன். வெயிலுக்கு என் குடை. ஒரு நாய் கோயில் வரைக்கும் கூடவே வந்தது. மீதியும் அந்த ஒரு நாளிலிருந்துதான். கம்பளி மட்டும் அவருடையது. அந்த வெயிலில் அவருடைய அம்மாவுக்குக் காட்டவென்று கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார், கிறிஸ்துமஸ் அன்று எடுத்ததாக.

எதற்கு இந்தப் பத்தை எடுத்தேன்? பிடிப்பாக நிற்கும் என்றுதான். வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தணிகை அண்ணன் பூட்ஸுகளுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஜோடியை மட்டும் மூன்றாவது முறையாகத் தேய்த்தார். அது யாருடையது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் கதவைத் திறந்து என்னை மட்டும் உள் அறைக்குக் கூப்பிட்டார்.

“மூணு தடவை படிச்சேன் மேடம். நான் படிச்சது ஒண்ணுகூடத் திரும்பி வரல. ஆனா நிறுத்தாம பத்து வார்த்தை சொல்றார். மூணு தடவையும் அதே பத்து, அதே வரிசை. உப்பு, குடை, ரயில்னு. எங்கேர்ந்து வருதுன்னு எனக்குப் புரியல. அஞ்சு நிமிஷம் கழிச்சும் அதையேதான் சொன்னார்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் இதை முன்னாடியே கவனிச்சிருக்கணும். சனிக்கிழமை கிடையாது. இனிமே எந்தச் சனிக்கிழமையும் கிடையாது. திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்துரலாம். நரம்பு டாக்டர்கிட்ட நானே பேசுறேன்.”

அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

வெளியே வந்தபோது டெர்மட் தணிகை அண்ணனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தணிகை அண்ணன் அழுதுகொண்டிருந்தார். டெர்மட் அவர் முதுகைத் தட்டி, “டென்சன் ஆவாத தணிகை. சோக்காதான் கீறேன்” என்றார். பெயரைச் சரியாகச் சொன்னார்.

பிப்ரவரி 9, வெள்ளி

சாப்பிட்டார். தூங்கினார். நான் மூன்று முறை சொல்ல வாயெடுத்தேன்.

பிப்ரவரி 10, சனி

போக வேண்டாம் என்றேன். போகலாம் என்றார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. மாடத்தில் நிழல் விழும் பக்கமாக இடம் வாங்கிக் கொடுத்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் தணிகை அண்ணன் படியேறி வந்து ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே ஜெர்சி, முதுகில் 500 என்று அச்சடித்தது. போன மாதமே செய்துவைத்திருந்தாராம். “என்ன பண்றதுன்னு தெரியல மேடம். பீரோல வெச்சிக்கினா எனக்குப் பேஜாரா கீது.”

டெர்மட் அதை மடியில் விரித்து, எண்ணை உள்பக்கமாக மடித்து வைத்துக்கொண்டார்.

முதல் பாதி முடிந்ததும் நான் சொல்லிவிட்டேன். ஏழாவது பட்டியல் என்று ஒன்று இல்லை. நானாக எழுதினது. நீங்க தோற்கணும்னுதான் சொல்லிக்கொடுத்தேன்.

மைதானத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆறுதான் உண்டு, ஜெஸ்” என்றார். “பன்னிரண்டு கிளப்புல ஆடியிருக்கேன். இந்தத் தாள் வந்ததுலேருந்து ஆறுதான்.”

“அப்போ புதன்கிழமையே...”

“உப்புன்னதும் தெரிஞ்சுது. உங்க ஊர். நான் பனின்னு நினைச்சேன், நீ நக்கச் சொன்ன.”

“டாக்டர் படிச்சது?”

“அஞ்சாவது. முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சுது. மீதி ஒன்பதும் வரிசையா வந்து நின்னுது, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே. சொல்லியிருந்தா நான் இப்போ கீழ நிப்பேன்.”

“ஏன் சொல்லல?”

அதற்கு மட்டும் தமிழில் பதில் சொன்னார். “நீதானம்மா கேட்ட.”

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரிந்தே தோற்றாரா? அல்லது வார்த்தைகள் நிற்காமல்போய், தன் கையில் இருந்ததைச் சொல்லிவிட்டு, இப்போது எனக்காக இப்படிச் சொல்கிறாரா? தோற்றதைக்கூடத் தான் செய்ததாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற ஆள் அவர். கேட்டால் சொல்லமாட்டார். ஒருவேளை அவருக்கே தெரியாமலிருக்கலாம்.

எண்பதாவது நிமிடம் எதிரணிக்குக் கார்னர். பந்து உயர எழும்பி, பெனால்டி பாக்ஸுக்கு மேலே வந்தது. என் பக்கத்தில் அவருடைய பாதங்கள் படியில் ஊன்றின, தாடை இறுகியது, கழுத்து பந்தை நோக்கி எழுந்தது. உடம்பு உட்கார்ந்தபடியே இருந்தது. கீழே அவர் இடத்தில் நின்ற பையன் ஒரு நொடி தாமதமாக எழும்பினான்.

கோல்.

சுற்றிலும் எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். டெர்மட் மட்டும் கண்ணாடியைக் கழற்றி, மடியிலிருந்த ஜெர்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 12, திங்கள்

பதினொரு மணிக்கு ஸ்கேன். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை என்று சொன்னதால் உப்புமா கிளறினேன். அவர் ஏழு மணிக்கே குளித்து, சட்டை மாற்றி, சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, வழக்கம்போல.

“பாடம்” என்றார்.

இனிமேல் எதற்கு என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“எது?”

“ஏழாவது.”

நான் எடுத்துக்கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். குடை, என்றார். ரயில். மெழுகுவர்த்தி. நாய். ஏணி. மணி. நண்டு. கண்ணாடி. கம்பளி.

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். “பத்தா?”

“ஒன்பது.”

“சொல்லாத. நானே சொல்றேன். முதல் வார்த்தைதான விட்டுட்டேன்?” தலையைத் தடவிக்கொண்டார், நெற்றியைத் தேய்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. உப்புமா ஆறிக்கொண்டிருந்தது. நான் பத்தாம் வகுப்பில் நிற்கிற மாதிரி, எடுத்துக்கொடுக்காமல், கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

உப்பு ஜாடி அவர் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது.